வால்பாறைச் சோலைமந்தியைப் படம் எடுக்கப் போகிறவர்களுக்கு

அழிந்துவரும் விலங்குகளுக்காகப் படம் எடுக்க வேண்டும் என்று என் ஸ்டுடியோவுக்கு வருகிற இளைஞர்கள் முதலில் கேட்பது லென்ஸைப் பற்றி. அடுத்தது, புலி எடுக்கக் கபினிக்குப் போகலாமா, தடோபாவுக்குப் போகலாமா என்று. நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: விடிகாலையில் வீட்டிலிருந்து கிளம்பினால் மத்தியானச் சாப்பாட்டுக்குத் திரும்பிவிடலாம் என்கிற தூரத்தில் உங்களுக்கு என்ன விலங்கு இருக்கிறது? அதைத்தான் எடுக்க வேண்டும். புலி முகத்தை எத்தனையோ பேர் எடுத்தாகிவிட்டது; இன்னொரு புலி முகத்தால் புலிக்கு ஒன்றும் ஆகப்போவதில்லை. பக்கத்தில் இருக்கிற விலங்கை வெயிலிலும் மழையிலும், குட்டி பிறந்த மாதத்திலும், சாலை அகலமாவதற்கு முன்னும் பின்னும் எடுக்க உள்ளூர்க்காரரால்தான் முடியும்.

நான் பொள்ளாச்சி. கல்யாணம், காதுகுத்து, சீர் என்று முகூர்த்த நாளெல்லாம் தொழிலுக்குப் போய்விடும். முகூர்த்தம் இல்லாத நாளில் ஆழியாறு தாண்டி, 40 கொண்டை ஊசி வளைவும் ஏறி வால்பாறைக்குப் போவேன். அங்கே நான் எடுப்பது பெரும்பாலும் ஒரே விலங்கு: சோலைமந்தி. சிங்கவால் குரங்கு என்றும் சொல்வார்கள். மேற்குத் தொடர்ச்சி மலையை விட்டால் உலகத்தில் வேறெங்கும் காட்டில் கிடையாது. மொத்தமே 4,000-க்கும் குறைவு என்றுதான் மதிப்பிட்டிருக்கிறார்கள். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் முதல் அட்டவணையில் இருக்கிறது. ஒரு ஈற்றுக்கு ஒரே குட்டி, அடுத்த குட்டிக்கு இரண்டு மூன்று வருடம் ஆகும். அதனால் சாலையில் ஒரு தாய் அடிபட்டால் அந்தக் கூட்டம் அதிலிருந்து மீளப் பல வருடம் பிடிக்கும்.

உங்கள் பக்கத்தில் இருப்பது வேறாக இருக்கலாம். மாயாற்றுப் பள்ளத்தாக்கில் பாறு கழுகு, கடவூர் மலையில் தேவாங்கு, பாக் விரிகுடாவில் கடல்பசு, சென்னைக் கடற்கரையில் ஜனவரியிலிருந்து முட்டையிட ஏறும் பங்குனி ஆமை. நான் சோலைமந்தியை வைத்தே சொல்லிக்கொண்டு போகிறேன், ஏனென்றால் எனக்குத் தெரிந்தது அதுதான். முறை பெரும்பாலும் எல்லாவற்றுக்கும் பொருந்தும்.

முதலில் கேமரா இல்லாமல்

முதல் சில தடவை கேமரா பையிலேயே இருக்கட்டும். ஒரு பைனாகுலர் போதும். வால்பாறை ஊருக்குப் பக்கத்தில் புதுத்தோட்டம் என்று ஒரு எஸ்டேட். தேயிலைக்கும் ஊருக்கும் நடுவே சுமார் 92 ஹெக்டேர் சோலை அங்கே மிஞ்சியிருக்கிறது. அதன் நடுவில் சாலை போகிறது. அந்தத் துண்டுக் காட்டுக்குள்ளும் அதை ஒட்டிய தோட்டங்களிலும்தான் இந்தக் கூட்டங்கள் வாழ்கின்றன. அடர்ந்த காட்டில் இருக்கும் சோலைமந்தி தரைக்கு வருவதே அபூர்வம், நாள் முழுக்க உச்சிக் கிளைகளிலேயே கழித்துவிடும். புதுத்தோட்டத்தில் கிளைக்குக் கிளை எட்டாததால் இறங்கி நடக்கிறது. இதைப் புரிந்துகொண்ட பிறகுதான் நீங்கள் எடுக்கும் படத்துக்கு அர்த்தம் வரும். தெரியாதவர் கண்ணுக்கு அது "சாலைக்கு வந்த அழகான குரங்கு" மட்டும்தான்.

அடையாளத்தில் குழப்பம் வரக்கூடாது. அதே மலையில் நீலகிரிக் கருமந்தியும் இருக்கிறது. அதுவும் கருப்பு. ஆனால் அதன் தலைமயிர் பழுப்பாக இருக்கும், வால் நீளமாகத் தொங்கும், நுனியில் குஞ்சம் கிடையாது. சோலைமந்திக்கு முகத்தைச் சுற்றி வெள்ளிச் சாம்பல் நிறத்தில் பிடரி, வால் நுனியில் குஞ்சம். பிறந்த குட்டிக்குப் பிடரி இருக்காது, வளர வளரத்தான் வரும். கருமந்தி படத்தைப் போட்டு சிங்கவால் குரங்கு என்று எழுதிப் பகிர்வதை வாரத்துக்கு ஒன்றாவது பார்க்கிறேன். விழிப்புணர்வுக்கு என்று போடும் படத்தில் பெயரே தப்பாக இருந்தால் கீழே எழுதிய மற்றதை யார் நம்புவார்கள்?

அப்புறம், முகத்தைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள். ஆண் வாயை அகலத் திறந்து கோரைப்பல் தெரியக் கொட்டாவி விட்டால் அது தூக்கம் இல்லை, பதற்றம். வாயைத் திறந்தபடி முறைத்தால் எச்சரிக்கை. உதட்டைப் பின்னால் இழுத்துப் பல்லைக் காட்டினால் பயம் அல்லது பணிவு. இதைத்தான் "சிரிக்கிறது பாருங்க" என்று எழுதுகிறார்கள். தாய் சட்டென்று குட்டியை இழுத்து வயிற்றோடு அணைத்தால் காரணம் நீங்களாக இருக்கலாம், இரண்டு எட்டு பின்னால் போங்கள். ஒன்றுக்கு ஒன்று பேன் பார்த்துக்கொண்டிருந்தால், கன்னப் பையை நிரப்பியபடி பழம் தின்றுகொண்டிருந்தால், நீங்கள் நிற்கும் தூரம் சரியாக இருக்கிறது என்று அர்த்தம். மீட்டர் கணக்கை விட இந்தக் கணக்கு நம்பகமானது. அது செய்துகொண்டிருந்த வேலையை விட்டுவிட்டு உங்களைப் பார்க்கத் தொடங்கினால் நீங்கள் அதிகம் நெருங்கிவிட்டீர்கள். இன்னொரு காரணமும் இருக்கிறது: நம் சளியும் இருமலும் குரங்குக்குத் தொற்றும். உடம்பு சரியில்லாத நாளில் போகவே போகாதீர்கள்.

எங்கே, எப்போது என்பதை உள்ளூர் மக்களிடம் கேளுங்கள். கொழுந்து பறிக்கும் பெண்களுக்கு எந்த மரம் பழுத்திருக்கிறது, கூட்டம் காலையில் எந்தப் பக்கம் போனது என்று தெரியும். பலா பழுக்கும் காலத்தில், தோட்டத் தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருக்கும் லைன் வீட்டுப் பின்புறம் வரைக்கும் வரும். சோலை மரமான வெடிப்பலா காய்க்கும்போது சோலைக்குள்ளேயே இருந்துவிடும். சாலையோரத்தில் மந்திகளுக்காகவே ஆள் நிறுத்தியிருப்பதையும் பார்ப்பீர்கள். கூட்டம் கடக்கும்போது வண்டியை மெதுவாக்கச் சொல்வது, தின்பண்டம் போடுகிறவர்களைத் தடுப்பது அவர்கள் வேலை. அவர்களிடம் முதலில் பேசுங்கள். எந்தக் கூட்டம், எது குட்டி போட்டிருக்கிறது, எது போன வாரம் நொண்டியது என்று ஒவ்வொன்றையும் அறிந்தவர்கள் அவர்கள்தான்.

அனுமதி, சட்டம், இன்னும் சில

ஆனைமலைப் புலிகள் காப்பகத்துக்குள் படம் எடுக்க வனத்துறை அனுமதி வேண்டும். சரணாலயத்துக்குள் நுழைய அனுமதி தரும் சட்டப் பிரிவு 28, படம் எடுப்பதையும் தனியாகக் குறிப்பிட்டே சொல்கிறது. எஸ்டேட் தனியார் நிலம், அலுவலகத்தில் சொல்லிவிட்டுத்தான் தேயிலைக்குள் கால் வைக்க வேண்டும். டிரோன் வேண்டவே வேண்டாம். சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும், அந்தச் சத்தத்துக்கு ஒரு கூட்டமே சிதறி ஓடும்.

இரை வைப்பது, வாழைப்பழம் காட்டி அருகே வரவழைப்பது, இரண்டும் கூடாது. சட்டத்தில் வேட்டை என்பதற்குத் தந்திருக்கும் விளக்கத்திலேயே இரை வைத்து இழுப்பதும் அடக்கம் என்பது பலருக்குத் தெரியாது. உங்கள் பழத்தைத் தின்ற குரங்கு நாளைக்கு அடுத்த காருக்காகச் சாலையிலேயே காத்திருக்கும், அடிபடவும் செய்யும். ஃபிளாஷ் போடாதீர்கள். குரல் பதிவை ஒலிக்கவிட்டுக் கூப்பிடாதீர்கள்.

கூட்டைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அதே வால்பாறையில் பெரிய இருவாச்சி இருக்கிறது. பெண் பறவை மரப்பொந்துக்குள் போய் வாசலை அடைத்துக்கொள்ளும், அலகு நுழையும் அளவுக்கு ஒரு கீறல் மட்டும் விட்டு. வாரக்கணக்கில் ஆண் கொண்டுவந்து ஊட்டும் பழம்தான் தாய்க்கும் குஞ்சுக்கும் சாப்பாடு. மரத்தடியில் நான்கு பேர் முக்காலியோடு நின்றால் ஆண் வாயில் பழத்தோடு தூரத்துக் கிளையில் உட்கார்ந்திருக்கும், பொந்துக்கு வராது. உள்ளே இரண்டு உயிர் பசியோடு இருக்கும். கூட்டுப் படம் எவ்வளவு அழகாக வந்தாலும் அந்தப் படம் வேண்டாம் என்பதுதான் என் முடிவு. யார் கேட்டாலும் மரம் எங்கே என்று சொல்வதில்லை.

உங்கள் பாதுகாப்பும் முக்கியம். வால்பாறையில் யானை பக்கத்தில் இருக்கிறது என்று தெரிவிக்கும் சிவப்பு விளக்குகள் சாலையோரம் இருக்கின்றன. விளக்கு எரிந்தால் அன்றைக்குத் தேயிலைக்குள் இறங்க வேண்டாம். அந்தி சாய்ந்த பிறகு தோட்டப் பாதையில் தனியாக நடக்க வேண்டாம், சிறுத்தை இருக்கிறது. மழைக்காலத்தில் அட்டை ஏறாத உறையைக் காலில் மாட்டிக்கொள்ளுங்கள். ஏறிவிட்டால் பதறிப் பிய்க்காமல் நகத்தால் ஓரமாகத் தள்ளிவிடுங்கள்.

கருப்பு விலங்கும் வெள்ளை வானமும்

லென்ஸ் கேள்விக்கு வருகிறேன். 100-400 மி.மீ. லென்ஸ் இருந்தால் நல்லது, 70-300 இருந்தாலும் வேலை நடக்கும். அதோடு ஒரு சாதாரண 24-70 அல்லது கைபேசி கட்டாயம் வேண்டும். ஏன் என்று அடுத்த பகுதியில் தெரியும்.

சோலைமந்தியை எடுப்பதில் பெரிய சிக்கல் அதன் நிறம். கேமரா எதைப் பார்த்தாலும் நடுத்தரச் சாம்பல் என்று நினைத்துத்தான் வெளிச்சத்தைக் கணக்குப் போடும். கல்யாணத்தில் கருப்புக் கோட்டு மாப்பிள்ளையை வெள்ளைப் பந்தலுக்கு முன்னால் நிறுத்தினால் முகமே தெரியாமல் போகுமே, அதே கதைதான் இங்கேயும். மந்தி உச்சிக் கிளையில், பின்னால் பால் மாதிரி மூடுபனி வானம்: கேமரா வானத்தைப் பார்த்து வெளிச்சத்தைக் குறைத்துவிடும். மந்தி இருக்கும் இடத்தில் ஒரு கரிய ஓட்டை மட்டும் இருக்கும். கேமரா போட்ட கணக்கை நாமே கூட்டிக் குறைக்க எக்ஸ்போஷர் காம்பன்சேஷன் என்று ஒன்று இருக்கும், அதை +1-லிருந்து +1.7 வரை ஏற்றுங்கள். வானம் வெளுத்துப் போகும், போகட்டும்.

அதே மந்தி கீழே இறங்கி, அடர்ந்த இலைகளுக்கு நடுவே, ஃபிரேம் முழுக்க அதன் கருப்பு உடம்பாக இருந்தால் நேர்மாறு. கேமரா வெளிச்சத்தைக் கூட்டும், கருப்பு மயிர் சாம்பலாகும், பிடரி வெந்து வெள்ளையாகிவிடும். அப்போது -0.7 வையுங்கள். எந்த நேரமும் கவனிக்க வேண்டியது பிடரியைத்தான். அங்கே மயிரிழை பிரிந்து தெரிந்தால் வெளிச்சம் சரி. கேமரா பதிவு செய்ததைச் சுருக்காமல் வைக்கும் ரா ஃபைலில் எடுத்தால் இருட்டில் இருக்கும் கண்ணைப் பிறகு கொஞ்சம் மீட்டுக்கொள்ளலாம், வெந்துபோன பிடரியை மீட்க முடியாது.

உட்கார்ந்திருக்கும்போது ஷட்டர் வேகம் 1/250 போதும். கிளை தாவும்போது 1/1600-க்குக் குறையக் கூடாது. ஐஎஸ்ஓ, அதாவது கேமராவின் ஒளி உணர்திறன், ஆட்டோவில் இருக்கட்டும், மேல் வரம்பு 6400. படத்தில் புள்ளிபுள்ளியாக வருமே என்று பயப்படாதீர்கள். புள்ளியோடு தெளிவாக இருக்கும் படம், புள்ளி இல்லாமல் ஆடிப்போன படத்தை விட ஆயிரம் மடங்கு மேல். ஃபோகஸ் கண்ணில். விலங்கின் கண்ணைத் தானே தேடும் கேமராக்கள்கூடக் கருப்பு முகத்தில் கருப்புக் கண்ணைத் தவறவிடும். அதனால் ஒற்றை ஃபோகஸ் புள்ளியை வைத்து நீங்களே பிடியுங்கள்.

நேரம், காலை ஏழிலிருந்து ஒன்பதரை. பனி விலகத் தொடங்கி, வெயில் ஏறாத அந்த இடைவெளியில் வெளிச்சம் பஞ்சு மாதிரி எல்லாப் பக்கமும் பரவியிருக்கும், கருப்பு மயிருக்கு அதுதான் ஏற்றது. உச்சி வெயிலில் எடுத்தால் முகத்தில் பாதி நெருப்பு, பாதி இருட்டு. மா. கிருஷ்ணன் அந்தக் காலத்தில் தென்னிந்தியக் காட்டு விலங்குகளைக் கருப்பு வெள்ளையிலேயே எடுத்தார். அவர் படங்களைத் தேடிப் பாருங்கள். பக்கவாட்டு வெளிச்சம் யானைத் தோலில் என்ன செய்கிறது என்று பார்த்தால் சோலைமந்திப் பிடரியில் எதைத் தேட வேண்டும் என்று புரியும்.

ஜூன் முதல் செப்டம்பர் வரை வால்பாறை மழை கேமராவைக் கொன்றுவிடும். மழை உறை, மாற்றுத் துணி, பையில் சிலிக்கா ஜெல். ஏசி காரிலிருந்து இறங்கியதும் லென்ஸைத் திறக்காதீர்கள். கால் மணி நேரம் பைக்குள்ளேயே வெளிக்காற்றுக்குப் பழகட்டும், இல்லாவிட்டால் கண்ணாடி முழுக்க ஆவி பிடிக்கும்.

எந்தப் படம் உதவும்

இதைத்தான் நான் முக்கியமாகச் சொல்ல நினைத்தேன். பிடரி மின்னும் முகப் படம் எடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. பார்க்கிறவரை நிறுத்துவது அதுதான். ஆனால் அந்தப் படம் "எவ்வளவு அழகு" என்பதோடு முடிந்துவிடும். அந்த விலங்குக்கு என்ன ஆபத்து, நான் என்ன செய்ய வேண்டும் என்று பார்ப்பவர் கேட்க வேண்டுமானால் ஃபிரேமுக்குள் அதன் இடமும் அதன் சிக்கலும் இருக்க வேண்டும். பெரிய லென்ஸ் சிக்கலை வெட்டி எறிந்துவிடும், சின்ன லென்ஸ் உள்ளே கொண்டுவரும். அதற்காகத்தான் 24-70 வேண்டும் என்றேன்.

ஒரு படத்தை எப்படி எடுப்பது என்று முழுதாகச் சொல்கிறேன். புதுத்தோட்டத்தில் ஒரு கூட்டம் சாலையைக் கடக்கத் தயாராகிறது. பெரிய ஆண் ஒன்று வேலிக் கம்பத்தில் உட்கார்ந்திருக்கிறது. நான்கைந்து கடந்தாகிவிட்டது. காவலுக்கு நிற்பவர் கையைக் காட்டுகிறார்: "அண்ணா, குட்டி வச்சிருக்கறது இன்னும் இறங்கலை. அங்கேயே நில்லுங்க." நீங்கள் சாலையின் அதே பக்கத்தில், நன்றாகத் தள்ளி, தார் விளிம்புக்கு வெளியே குந்தி உட்காருகிறீர்கள். கேமரா முழங்கால் உயரத்தில். தாய் இறங்கி வருகிறது. வயிற்றில் குட்டி, அதன் விரல்கள் தாயின் விலா மயிரை இறுகப் பிடித்திருக்கின்றன. ஒரு கையைத் தாரில் வைக்கிறது, வெள்ளைக் கோட்டுக்கு இந்தப் பக்கம். வளைவில் ஹாரன். அப்படியே உறைந்து நிற்கிறது, கை மட்டும் தாரில். அந்த நொடிக்கு ஷட்டர் 1/60. வேகமான ஷட்டரில் பேருந்தும் நின்றுகொண்டிருப்பது போலத் தெரியும், ஆபத்து தெரியாது. 1/60-இல் மந்தி அசையாமல் நிற்கும், பின்னால் பேருந்துச் சக்கரம் கோடுகோடாகக் கரைந்து ஓடும். அந்தக் கையும் அந்தச் சக்கரமும் ஒரே படத்தில் இருந்தால் விளக்கம் அதிகம் தேவையில்லை. பேருந்து போனதும் தாய் கடந்துவிடும். உங்கள் வேலையும் முடிந்தது, பின்தொடர்ந்து ஓடாதீர்கள்.

அதே சாலையில் இரு பக்க மரங்களையும் இணைத்து மேலே பாலம் கட்டியிருக்கிறார்கள். வால்பாறையில் நெடுங்காலமாக வேலை செய்யும் என்சிஎஃப் (நேச்சர் கன்சர்வேஷன் ஃபவுண்டேஷன்) என்ற இயற்கைப் பாதுகாப்பு அமைப்பின் முயற்சி அது. மந்தி அதில் நடந்து போவதைக் கட்டாயம் எடுங்கள், கீழே போகிற வண்டியும் சேர்ந்து தெரியும்படி அகலமாக. வெறும் துயரத்தை மட்டும் காட்டினால் ஜனங்கள் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். இப்படிச் செய்தால் சரியாகும் என்று காட்டும் படத்தைப் பார்த்துத்தான் இன்னொரு ஊரில் ஒருவர் இங்கேயும் கட்டலாமே என்று கேட்பார்.

இன்னொன்று, ஒரே இடத்துப் படம். சோலையும் தேயிலையும் சாலையும் தெரிகிற ஒரு மேட்டைத் தேர்ந்தெடுத்து, அதே கல்லில் நின்று, அதே லென்ஸ் அளவில், ஒவ்வொரு பருவத்திலும் ஒரு படம் எடுத்து வையுங்கள். இப்போதைக்கு எதற்கும் ஆகாது போலத் தோன்றும். பத்து வருடம் கழித்து ஒரு மரம் எப்போது போனது என்று யாராவது கேட்டால் பதில் உங்களிடம்தான் இருக்கும்.

பிளாஸ்டிக் கவரோடும் சிப்ஸ் பாக்கெட்டோடும் இருக்கும் மந்தியை எடுப்பதில் கவனம் தேவை. குரங்கு மட்டும் இருந்தால் "தொல்லை பண்ணுது" என்று அதன் மேல்தான் பழி விழும். பாக்கெட்டை நீட்டும் கை, கார் ஜன்னல், பக்கத்தில் குப்பைக் குவியல், ஏதாவது ஒன்று ஃபிரேமில் இருக்கட்டும். முகம் வேண்டாம், வண்டி எண்ணும் வேண்டாம்.

மனிதரும் விலங்கும் ஒட்டி நிற்கும் படத்தை மட்டும் எடுக்காதீர்கள், எடுத்தாலும் வெளியிடாதீர்கள். 2009-இல் ஒரு தேவாங்கு இனத்துக்குக் கிச்சுகிச்சு மூட்டும் காணொளி இணையத்தில் உலகமெல்லாம் பரவியது. அது கையைத் தூக்கியதை எல்லோரும் ரசித்தார்கள். உண்மையில் கையைத் தூக்குவது அதன் தற்காப்பு, முழங்கை அருகே இருக்கும் விஷச் சுரப்பியைப் பயன்படுத்தத் தயாராகும் நிலை. அதைப் பார்த்தவர்களில் எத்தனையோ பேர் தங்களுக்கும் ஒன்று வேண்டும் என்றுதான் எழுதினார்கள். நம் வால்பாறைச் சாலையிலேயே வரையாட்டின் கொம்பைப் பிடித்துப் போஸ் கொடுத்தவர்களை 2023 ஜனவரியில் வனத்துறை கைது செய்தது. நம் மாநில விலங்கு அது. 2024-இல் தமிழ்நாடு முழுக்கச் சேர்த்து எண்ணியபோது 1,031, அடுத்த வருடம் எண்ணியபோது 1,303. ஒன்பதாவது வளைவில் சுற்றுலாக்காரர்களுக்குப் பக்கத்திலேயே மேயும் அதைத் தொட்டுப் பார்க்கலாம் போலிருக்கும். அந்த ஆசையை நம் படம் தூண்டக்கூடாது. வரையாட்டை எடுத்தால் பாறையும் பள்ளமும் தெரிய, தள்ளி நின்று எடுங்கள்.

படத்துக்குக் கீழே என்ன எழுதுவது

பாதி வேலை அங்கேதான் இருக்கிறது. "கானகத்தின் கறுப்பு இளவரசன்" என்றெல்லாம் எழுதினால் யாருக்கும் ஒன்றும் புரியாது. எந்த விலங்கு, எங்கே, எந்த மாதம், என்ன செய்கிறது, ஏன் அப்படிச் செய்கிறது, பார்ப்பவர் என்ன செய்யலாம். இவ்வளவும் மூன்று நான்கு வரியில். நான் எழுதும் மாதிரி இது:

"சோலைமந்தி, தாயும் குட்டியும். புதுத்தோட்டம், வால்பாறை, ஆகஸ்ட். இரு பக்க மரங்களும் எட்டாத இடத்தில் தரையில் இறங்கிக் கடக்கின்றன. இந்த ஒரு கிலோமீட்டரில் வண்டியை மெதுவாக்கினால் போதும். உணவு எதுவும் போட வேண்டாம்."

பார்க்காததை எழுதாதீர்கள். குட்டியைப் பறிகொடுத்த தாய் அழுகிறது என்று நீங்களாகக் கதை கட்டினால், அந்தக் கூட்டத்தை வருடக்கணக்கில் ஆராயும் ஒருவர் ஒரே வரியில் மறுத்துவிடுவார். கம்ப்யூட்டரில் மின்கம்பியை அழிக்காதீர்கள், குப்பையை அழிக்காதீர்கள். வெளிச்சம், நிறம் திருத்தலாம், அதோடு நிறுத்துங்கள். செயற்கை நுண்ணறிவு வரைந்த காட்டு விலங்குப் படங்கள் இப்போது வாட்ஸ்அப் முழுக்கச் சுற்றுகின்றன. உண்மையான படம் எடுப்பவர் மூல ஃபைலைப் பத்திரமாக வைத்திருந்தால், கேள்வி வரும் நாளில் அதைக் காட்டலாம்.

இடத்தைச் சொல்வதில் ஒரே விதி எல்லா விலங்குக்கும் ஒத்துவராது. புதுத்தோட்டம் எல்லோருக்கும் தெரிந்த இடம், வண்டியை மெதுவாக்கச் சொல்வதே நோக்கம், அதனால் பெயர் போடுகிறேன். பிடித்து விற்கப்படுகிற தேவாங்கு, நட்சத்திர ஆமை, எந்தப் பறவையின் கூடு என்றாலும் மாவட்டப் பெயரோடு நிறுத்திக்கொள்ளுங்கள். கைபேசிப் படத்துக்குள் ஜிபிஎஸ் குறிப்பு ஒளிந்திருக்கும். பகிர்வதற்கு முன் அமைப்புகளில் போய் அதை நீக்குங்கள்.

யாரிடம் காட்டுவது

2012 அக்டோபரில் நாகாலாந்தின் தோயாங் நீர்த்தேக்கத்தில் அமூர் வல்லூறுகளை வலைபோட்டு ஆயிரக்கணக்கில் பிடிப்பதை ராம்கி சீனிவாசன், ஷஷாங்க் தால்வி, பானோ ஹராலு உள்ளிட்டோர் படமும் காணொளியுமாகப் பதிவு செய்தார்கள். வலையில் கொத்துக்கொத்தாகத் தொங்கும் பறவைகள், கட்டுக்கட்டாகத் தூக்கிப்போகும் ஆட்கள். பார்க்கவே கஷ்டமான படங்கள். உலகமே பார்த்தது. ஆனால் மாற்றம் வந்தது அதனால் மட்டும் இல்லை. அரசிடம் போனார்கள், கிராம மன்றங்களிடம் போனார்கள், வலை போட்டவர்களிடமே உட்கார்ந்து பேசினார்கள். அடுத்த வருடமே அங்கே வேட்டை நின்றது, வலை போட்ட கிராமங்களே காவலுக்கு வந்தன. இன்ஸ்டாகிராமில் லைக் வாங்குவது இருக்கட்டும், முடிவெடுக்கக் கூடியவர் கண்ணில் படம் படுகிறதா என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

சோலைமந்திக்கு அந்த முடிவை எடுக்கிறவர் யார்? முதலில் அந்தச் சாலையில் வண்டி ஓட்டுபவர். பொள்ளாச்சி–வால்பாறை பேருந்து ஓட்டுநர், பால் வண்டிக்காரர், சுற்றுலா டாக்ஸிக்காரர். டாக்ஸி ஸ்டாண்டில் போய்ப் படத்தைக் காட்டிப் பேசுங்கள். திட்டுவது போல இல்லாமல், இந்த இடத்தில் இந்த நேரத்தில் கடக்குதுங்க என்று. அவர்கள் வண்டியில் வரும் சுற்றுலாக்காரருக்கு அவர்களே சொல்வார்கள். அடுத்து எஸ்டேட் மேலாளர், நிழல் மரத்தை வெட்டுவதும் விடுவதும் அவர் கையில். அப்புறம் பள்ளிக்கூடம். எஸ்டேட் பள்ளிப் பிள்ளைகளுக்கு இந்தக் குரங்கு தினமும் பார்க்கிற ஒன்று. உலகத்தில் வேறு எங்கேயும் இல்லை என்று தெரியும்போது அவர்கள் முகம் மாறுவதைப் பார்க்க வேண்டும். திட்டமிடும் மேசைகளுக்கும் அனுப்புங்கள்: வனச்சரக அலுவலகம், நகராட்சி, நெடுஞ்சாலைத் துறை. சாலை அகலப்படுத்தும் பேச்சு வரும்போது, எந்த இடத்தில் கிளை சந்திக்கிறது என்று காட்டும் உங்கள் அகலப் படம் ஒரு மனுவை விடப் பயன்படும். அடிபட்டுக் கிடக்கும் விலங்கைக் கண்டால் தேதி, நேரம், இடத்தோடு படம் எடுத்து வனத்துறைக்கும் ஆராய்ச்சியாளர்களுக்கும் கொடுங்கள், முகநூலில் போட அவசரப்படாதீர்கள்.

படத்தில் இருக்கும் மனிதருக்கு ஒரு பிரதி கொடுப்பதை மறக்காதீர்கள். சாலையில் கை காட்டி நிற்கும் காவலருக்கு, பலா மரம் எங்கே என்று சொன்ன அக்காவுக்கு. வீட்டுச் சுவரில் மாட்டினால் வருகிறவர் எல்லாம் கேட்பார்கள், அவர்கள் சொல்வார்கள்.

பெரிதாக அச்சடித்துச் சாலையோர டீக்கடையிலோ பேருந்து நிலையத்திலோ வைக்க உரிமையாளரிடம் அனுமதி கேளுங்கள், அநேகமாகச் சரி என்பார்கள். எழுத்து பெரிதாக, தமிழிலும் மலையாளத்திலும் இருக்கட்டும், வருகிற வண்டிகளில் கேரளப் பதிவு நிறைய. வெறும் ஃபோட்டோ பேப்பர் வால்பாறை ஈரத்தில் ஒரு மாதத்தில் பூசணம் பிடித்துச் சுருண்டுவிடும். வினைல் ஸ்டிக்கரில் அச்சடித்து, சன்போர்டில் ஒட்டி, மேலே மேட் லேமினேஷன் போடச் சொல்லுங்கள். பளபளப்பு லேமினேஷன் போட்டால் டியூப் லைட் வெளிச்சத்தில் கருப்பு முகம் தெரியாது. மே மாதக் கூட்டம் வருவதற்கு முன், ஏப்ரல் கடைசிக்குள் மாட்டிவிடுங்கள்.